படகுக் குழு வானொலி: ஒரு கருவி கைவிட்டுப் போனால் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி மாற்றுவது எப்படி?

#1 பாம்பன்_ஜெட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து 60 படகுகளுக்கு லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் சிறு ரேடியோ) கருவி வைத்துக் குழுச் செய்தி அனுப்பத் திட்டம் போடுகிறோம். படகுக்கு ஒரு டி-பீம் போர்டு: இஎஸ்பி32, எஸ்எக்ஸ்1262 ரேடியோ, ஜிபிஎஸ், ஒரு 18650 செல். ஆன்டெனா பாய்மரக் கம்பத்தில் சுமார் 4 மீட்டர் உயரத்தில். கரையில் 25 மீட்டர் உயரத்தில் ஒரு நிலையம்.

போகவேண்டிய செய்திகள் சின்னவை: படகு நிற்கும் இடம், மீன்பாடு, காற்று நிலவரம், இன்ஜின் கோளாறு. மீன்பாடு எங்கே என்பது குழுவுக்கு வெளியே போகக்கூடாது. அதனால் குறியாக்கம் வேண்டும்.

கேள்வி இதுதான். எல்லாப் படகுக்கும் ஒரே ரகசியச் சாவி. ஒரு கருவி கடலில் விழுந்தாலோ, படகோடு விற்கப்பட்டாலோ, வேறு கைக்குப் போனாலோ மீதி 59க்கும் சாவி மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் பாதிப் படகு கடலில் இருக்கும், அதில் பாதிக்குச் சிக்னல் இருக்காது. எந்த முறை இதற்குப் பொருந்தும்?

#2 தொண்டி_கோடு

அண்ணே, மெஷ்டாஸ்டிக் (கருவிக்குக் கருவி செய்தி கடத்துற 'மெஷ்' வலைக்கான இலவச மென்பொருள்) அப்படியே போட்டால் போதும்னு நினைச்சிருந்தா முதல்லயே சொல்லிடுறேன், போதாது. சேனல் சாவி எல்லாருக்கும் பொது. ஏஇஎஸ் குறியாக்கம் 256 பிட் வரை வைக்கலாம், ஆனா அது ஓடுறது சிடிஆர் முறையில, அதுல செய்தி மாறலைன்னு உறுதி செய்யும் முத்திரை கிடையாது. சாவி தெரியாதவன்கூட பாக்கெட்டைப் பிடிச்சு ஒரு பிட்டைத் திருப்பி மறுபடி விடலாம். அட்சரேகையில ஒரு பிட் மாறினா படகு இருக்கிற இடம் மாறிடும். 2.5 பதிப்பிலிருந்து தனிச்செய்திக்கு எக்ஸ்25519 சாவிப் பரிமாற்றமும், முத்திரையோட பூட்டுற சிசிஎம் முறையும் வந்திருக்கு. அது ஒருத்தருக்கு ஒருத்தர் மட்டும், குழுவுக்கு இல்லை.

நீக்குறதுக்குன்னு தனி வழியும் இல்லை. அட்மின் செய்தி வழியா ஒவ்வொரு கருவியா சேனல் சாவியை மாத்தலாம், 59 தடவை, ஒவ்வொண்ணும் பதில் வர்ற வரைக்கும்.

அதைத் தபால்காரனா மட்டும் வச்சுக்கலாம். 256ம் எண் போர்ட் (செய்தி வகை எண்) தனியார் பயன்பாட்டுக்கு விட்டிருக்காங்க. அதுல நம்ம சொந்தக் குறியாக்கத்தைப் போட்டு அனுப்பினா மெஷ் உள்ளே பார்க்காம கடத்திக்கொண்டு போகும். ஒரு பாக்கெட்டுக்கு 233 பைட் வரை இடம். எந்தச் சாவி முறையா இருந்தாலும் இந்த 233க்குள்ள அடங்குதான்னு பாருங்க.

#3 கீழக்கரை_ரேடியோ

சாவிக் கணக்குக்கு முன்னால் ரேடியோ கணக்கு.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005ல் திறந்தார்கள், 2021ல் 868 வரை நீட்டினார்கள். 2005 விதிப்படி அனுப்பும் திறன் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். மெஷ்டாஸ்டிக்கின் இயல்பான லாங்ஃபாஸ்ட் அமைப்பு 250 கிலோஹெர்ட்ஸ் எடுக்கும். முன்னமைவை விட்டுவிட்டு 125 கிலோஹெர்ட்ஸைக் கையால் அமையுங்கள். வாங்கும் போர்டுக்கு வகை ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹாம் அலைவரிசைப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே குறியாக்கத்துக்கு அனுமதி கிடையாது.

தூரம்: இரு ஆன்டெனா உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ அடிவானம் வரும். படகுக்குப் படகு (4 மீட்டர், 4 மீட்டர்) 16.5 கி.மீ. கரைக்குப் படகு (25, 4) 28.8 கி.மீ. இது மேல் எல்லை. கச்சான் காற்றில் படகு உருளும்போது ஆன்டெனா சாய்ந்து, அலைப் பள்ளத்தில் இறங்கி, பாக்கெட் விடுபடும். பத்தில் ஒன்று தொலையும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 

நேரம்: மெஷ் தலைப்போடு சேர்த்து 235 பைட் பாக்கெட் ஒன்று, எஸ்எஃப்9 (லோராவின் வேக எண், கூடினால் மெதுவாகும்), 125 கிலோஹெர்ட்ஸில் 1.2 நொடி காற்றில் நிற்கும். அதே பாக்கெட் எஸ்எஃப்11ல் 4.8 நொடி. ஒரு ஹாப்புக்கு (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு ஒரு தாவல்) இவ்வளவு. மூன்று ஹாப் என்றால் நடுவில் உள்ள ஒவ்வொரு படகும் திருப்பிச் சொல்லும். பத்துப் பாக்கெட் சாவி மாற்றம் எஸ்எஃப்11ல் அலைவரிசையை நிமிடக்கணக்கில் அடைத்துவிடும். அந்த நேரத்தில் ஒருவன் இன்ஜின் நின்று உதவி கேட்டால் அவன் செய்தியும் மோதித் தொலையும்.

#4 சாவிக்கொத்து

கீழக்கரை காக்கா (அண்ணன்) போட்ட கணக்கு பாதி முறைகளைத் தானாகவே கழித்துவிடுகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

எல்லோரும் சேர்ந்து சாவி உருவாக்கும் முறைகள் (பர்மெஸ்டர்–டெஸ்மெட் 1994, பிறகு வந்த டிஜிடிஎச் முதலியவை) இங்கே ஆகாது. பர்மெஸ்டர்–டெஸ்மெட்டில் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் படகும் ஒரு ஒலிபரப்பு. கணக்குக்கு வசதியாக 64 பேர் என்று வைத்தால், மற்ற 63 பேர் சொல்வதும் ஒவ்வொருவருக்கும் பழுதில்லாமல் கேட்க வேண்டும். பத்தில் ஒன்று தொலையும் இடத்தில் 63ம் ஒரே முயற்சியில் வந்துசேர வாய்ப்பு 0.9ஐ 63 முறை பெருக்கினால் வருவது, ஆயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். மறு ஒலிபரப்பு சேர்த்தால் அலைவரிசை நிரம்பிவிடும்.

எம்எல்எஸ் (குழுச் செய்திக்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9420, 2023) நல்ல முறை, இணையம் உள்ள இடத்துக்கு. ஒரு கமிட் செய்தி (சாவி மாற்ற அறிவிப்பு) இந்த அளவுக் குழுவுக்கு ஒரு கிலோபைட் அளவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், கமிட்கள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பது. மெஷ் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஆளுக்கொரு கமிட் போட்டால் குழு பிளந்துவிடும்.

கரையில் ஒரு சாவி நிலையம் இருக்கிறது என்பதால் மைய முறைதான் சரி. மைய முறையில் மிக எளிது, ஒவ்வொரு படகின் தனிச்சாவியாலும் புதுக் குழுச்சாவியைப் பூட்டி அனுப்புவது. ஒரு பூட்டிய சாவி 24 பைட், முகவரி 2 பைட். 63 படகுக்கு 1638 பைட், கரை அனுப்பியதுதான் என்று காட்டும் கையொப்பமும் சேர்த்தால் 11 பாக்கெட்.

அடுத்தது சாவி மரம். 1998ல் வாங், கௌடா, லாம் மூவரும் எழுதியது, 1999ல் வந்த ஆர்எஃப்சி 2627ல் வேறு சிலர் எழுதியதும் இதே முறைதான். படகுகள் இலைகள், ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சாவி, வேரில் குழுச்சாவி. இலையிலிருந்து வேர் வரை வழியில் உள்ள சாவிகள் ஒவ்வொரு படகிடமும் இருக்கும். ஒருவர் போனால் அவர் வழியில் உள்ள சாவிகளை மட்டும் மாற்றினால் போதும். 64 படகுக்கு இருகிளை மரத்தில் 11 பூட்டிய சாவி. நாற்கிளை மரத்திலும் அதே 11தான், ஆனால் படகு 7க்குப் பதில் 4 சாவி வைத்துக்கொண்டால் போதும். எப்படியும் 2 பாக்கெட்.

#5 பாம்பன்_ஜெட்டி

அக்கா, 11லிருந்து 2 பாக்கெட் என்றால் அதுவே போதுமே. ஆனால் ஒரு படகு அந்த 2 பாக்கெட்டையும் கேட்கவில்லை, அடுத்த நாள் இன்னொரு மாற்றம் நடக்கிறது. அந்தப் படகு என்ன ஆகும்?

#6 சாவிக்கொத்து

வெளியே நின்றுவிடும். சாவி மரத்தின் பலவீனம் அதுதான். இரண்டாம் மாற்றத்தை முதல் மாற்றத்தில் வந்த கணுச்சாவியால் பூட்டியிருப்பார்கள். ஒன்று தவறினால் அதற்குப் பின் வருவது எதுவும் திறக்காது. கரையைக் கேட்டுத் தன் தனிச்சாவியால் பூட்டிய முழுத் தொகுப்பை வாங்க வேண்டும், கரையோ எட்டாத தூரம். பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்தால் கடலில் இங்கேதான் மாட்டுவீர்கள்.

உங்களுக்கு வேண்டியது பழைய மாற்றங்களைக் கேட்காதவனும் இன்றைய பாக்கெட்டை மட்டும் வைத்துத் திறக்கும் முறை. 2001ல் நாவோர், நாவோர், லாட்ஸ்பீச் மூவரும் கொடுத்தது. ப்ளூரே வட்டுகளின் பாதுகாப்பில் இதே குடும்பத்து முறைதான் இருக்கிறது: வாங்கிப் பல வருடம் அலமாரியில் கிடந்த பிளேயரும் புது வட்டைத் திறக்க வேண்டுமே.

அதில் முழுக்கிளை முறையைச் சொல்கிறேன். மரம் அதேதான், ஆனால் கணுச்சாவிகள் மாறவே மாறாது. படகு தன் வழியில் உள்ள சாவிகளை ஒருமுறை கரையில் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவு. ஒரு படகை நீக்க, அந்த இலை இல்லாத கிளைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு கிளையின் தலைச்சாவியாலும் புதுக் குழுச்சாவியைப் பூட்ட வேண்டும். 64 இலையில் ஒன்று நீக்கினால் 6 கிளை. இரண்டு நீக்கினால் அதிகபட்சம் 10. நான்கு நீக்கினால் அதிகபட்சம் 16. நீக்கப்பட்ட பட்டியல் முழுவதும் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டிலேயே இருப்பதால் நடுவில் எத்தனை தவறினாலும் கவலையில்லை.

விலை என்னவென்றால் நீக்கப்பட்டவர் எண்ணிக்கை கூடக்கூடப் பாக்கெட் நீளும். அதற்குத்தான் நம் கரையில் ஒரு வசதி இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். அப்போது மரத்தையே புதிதாகப் போட்டுப் பட்டியலைக் காலி செய்யலாம்.

#7 தொண்டி_கோடு

அக்கா, 64 இலை போதாது. நீக்கின இலையைத் திரும்ப யாருக்கும் கொடுக்கக்கூடாது, பழைய கருவிக்கு அந்தச் சாவி தெரியும். கருவி மாத்தினா புது இலைதான். 128 இலை வச்சுக்கலாம். படகுக்கு 8 சாவி, ஆளுக்கு 128 பைட். காலி இலையை நீக்கின பட்டியல்ல சேர்க்க வேண்டாம், அந்தச் சாவி யார் கையிலும் இல்லை. சேர்த்தா சும்மா பாக்கெட் பெருகும்.

பைட் கணக்கு போட்டேன்:

பதிப்பு 1, குழு எண் 1, சுற்று எண் (எத்தனையாவது சாவி மாற்றம்) 4, நேரம் 4, கொடி (மாற்றத்தோட காரணம் மாதிரி குறிப்பு) 1. மொத்தம் 11.
நீக்கின இலைகளோட பிட்மேப் (இலைக்கு ஒரு பிட்) 16. இது இருந்தா எந்தக் கிளை எந்த வரிசைன்னு ரெண்டு பக்கமும் தானே கணக்கிட்டுக்கும், கிளை முகவரி தனியா வேண்டாம்.
சாவி சரியாத் திறந்ததான்னு பார்க்க 8.
எட்25519 கையொப்பம் 64.

ஆக 99. மிச்சம் 134 பைட். 24 பைட் பூட்டு போட்டா 5தான் அடங்கும், 128 இலையில ஒண்ணை நீக்க நமக்கு 7 வேணும். கையொப்பம் முழுப் பாக்கெட்டையும் காக்குறதால, ஒவ்வொரு பூட்டுக்கும் தனியா அந்த 8 பைட் சரிபார்ப்பு தேவையில்லை. கணுச்சாவி, சுற்று எண் ரெண்டையும் எச்மேக்ல (சாவி போட்டுச் சுருக்கம் எடுக்கிற கணக்கு) போட்டு வர்ற 16 பைட்டைக் குழுச்சாவியோட எக்ஸார் பண்ணிடலாம் (பிட்டுக்குப் பிட் கலக்குறது, மறுபடி கலந்தா பழையது வந்துடும்). 7 × 16 = 112. மொத்தம் 211. ஒரே பாக்கெட்!

#8 சாவிக்கொத்து

தம்பி, அளவு சரி. எச்மேக் உள்ளீட்டில் சுற்று எண் மட்டும் போதாது. ஒரே சுற்று எண்ணில் இரண்டு வேறு பாக்கெட் எப்போதாவது வெளியே போனால், ஒரே கணுவுக்கு ஒரே 16 பைட் திரை இரண்டு சாவிகள் மேல் விழும். இரண்டையும் எக்ஸார் செய்தால் திரை கழன்றுவிடும். முதல் பாக்கெட்டில் உறுப்பினராக இருந்து இரண்டாவதில் நீக்கப்பட்டவனுக்கு முதல் சாவி தெரியும், அதிலிருந்து இரண்டாவதையும் எடுத்துவிடுவான். நீக்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். முன்னால் உள்ள 27 பைட்டும், அதாவது பிட்மேப் உட்பட எல்லாமும், எச்மேக்குக்குள் போகட்டும். கிளை எண்ணையும் சேருங்கள்.

இலை ஒதுக்குவதிலும் கவனம் வேண்டும். ஒரே முதலாளியின் படகுகளைப் பக்கத்துப் பக்கத்து இலைகளில், நான்கு நான்காக வையுங்கள். அவர் நான்கு படகோடும் குழுவை விட்டுப் போனால் 5 பூட்டு, 179 பைட், ஒரு பாக்கெட். அதே நான்கு மரம் முழுக்கச் சிதறியிருந்தால் 20 பூட்டு, இரண்டு பாக்கெட்.

இதைவிடச் சிக்கனமான கிளைவேறுபாட்டு முறையும் உண்டு. எத்தனை பேரை நீக்கினாலும் அதன் இரு மடங்கில் ஒன்று குறைவான பூட்டு போதும். 128 இலைக்குப் படகு 29 லேபிள் வைக்க வேண்டும், நிரலும் சிக்கல். 60 படகுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிரல் எளிதாக இருந்தால் தவறு கண்ணில் படும்.

#9 வடகடல்

படகுக்காரர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். எல்லைப் பக்கம் படகு பிடிபட்டால் கருவி மொத்தமாக அடுத்தவர் கைக்குப் போகிறது. அதுவரை பேசியது, அப்போது மற்ற படகு நிற்கும் இடம் எல்லாம் திரையில் தெரியும். கரை நிலையம் 29 கிலோமீட்டருக்கு அப்பால். நீக்கும் பாக்கெட்டைக் கடலிலேயே யார் விடுவது? படகு டிரைவர் கையில் கரையின் கையொப்பச் சாவியைக் கொடுக்க முடியுமா?

#10 சாவிக்கொத்து

கொடுக்கவே கூடாது. ஆனால் முன்கூட்டியே கையொப்பமிட்ட பாக்கெட்டுகளைக் கொடுக்கலாம். கடலுக்குப் போகும் முன், "1ம் படகு நீக்கம்", "2ம் படகு நீக்கம்" என்று 60 பாக்கெட் கரையிலேயே செய்து இரண்டு முன்னணிப் படகில் ஏற்றுங்கள். ஏற்கெனவே நீக்கம் எதுவும் இல்லாதபோது 60 × 211 = 12,660 பைட். எந்தப் படகு போனதோ அதற்குரிய பாக்கெட்டை முன்னணிப் படகு விடும். கரையின் மூலச்சாவியும் கையொப்பச் சாவியும் அந்தப் படகுக்காரரிடம் இல்லாததால் புதிதாக எதையும் செய்ய அவரால் முடியாது. ஒரு முன்னணிப் படகே பிடிபட்டால் இன்னொரு முன்னணிப் படகு தன்னிடம் இருப்பதை அனுப்ப வேண்டும்.

இந்த 60ம் ஒரே சுற்று எண்ணில் இருக்கும், #8ல் பிட்மேப்பை உள்ளே சேர்க்கச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். கரை அடுத்து விடும் பாக்கெட் பதினாறு எண் தள்ளிப் போகட்டும், மோதாது.

ஒரே நேரத்தில் இரண்டு படகு போனால் இரண்டு தனித்தனிப் பாக்கெட் உதவாது. ஒன்றில் நீக்கப்பட்டவன் மற்றதில் உறுப்பினர். 60 படகுக்கு 1770 ஜோடிகள், ஜோடிக்கு அதிகபட்சம் 291 பைட், மொத்தம் 515 கிலோபைட். கருவியின் 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் இடம் இருக்கிறது. ஜோடிகளையும் ஏற்றிவிடுவதுதான் என் கருத்து. மூன்று போனால் இடம் சொல்வதை நிறுத்திக்கொண்டு கரை வரட்டும் என்று இருக்க வேண்டும்.

#11 வடகடல்

சரி. இன்னொன்று. அவசரத்தில் சாவியை அழிக்க ஒரு பட்டன் வைப்பீர்கள், நல்லது. அந்தப் பட்டன் ஜிபிஎஸ் தடத்தை அழிக்கக்கூடாது. நம் பக்கம்தான் நின்றோம் என்று காட்டப் படகுக்கு இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். சாவி வேறு, தடம் வேறு என்று தனித்தனி இடத்தில் வையுங்கள்.

உதவிச் செய்திக்குக் குறியாக்கமே வேண்டாம். சாவி பழசாகிப்போன படகும் உதவி கேட்டால் எல்லாருக்கும் கேட்க வேண்டும். விஎச்எஃப் 16ம் சேனல் (156.8 மெகாஹெர்ட்ஸ்), கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இந்தக் கருவி இவற்றுக்கு மாற்று இல்லை என்று பெட்டி மேலேயே ஒட்டுங்கள். மீன்வளத்துறைக்கும் மரைன் போலீஸுக்கும் எந்தப் படகில் எந்தக் கருவி என்ற பட்டியலை எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லையோரக் கடலில் புரியாத மொழியில் பேசும் ரேடியோ என்றால் முதல் சோதனையிலேயே கேள்வி வரும்.

#12 தொண்டி_கோடு

வடகடல் அண்ணே சொன்னது சரி. உதவிச் செய்தியைத் திறந்தபடி, ஆனா கையொப்பத்தோட விடலாம். குழுச்சாவி இருக்கிற யாரும் வேற படகு பேர்ல பொய்யா விட முடியும், எல்லாருக்கும் ஒரே சாவிங்கிறதால அதுக்கு ஆளை அடையாளம் தெரியாது. படகுக்கு ஒரு எட்25519 ஜோடி (கையொப்பம் போட ரகசியச் சாவி, சரிபார்க்கப் பொதுச்சாவி), எல்லாக் கருவியிலும் 60 பொதுச்சாவி, 32 பைட் வீதம் 1920 பைட். சாதாரணச் செய்திக்கு 64 பைட் கையொப்பம் தண்டம், உதவிக்கும் இடம் சொல்றதுக்கும் மட்டும்.

நிரல்ல பார்க்க வேண்டியது:

நான்ஸ் (ஒரு சாவியில ஒரே தடவை மட்டும் போடவேண்டிய எண்). குழுச்சாவியை நேரா செய்திக்குப் போடாதீங்க. ரெண்டு படகு ஒரே எண்ணைப் போட்டா சிடிஆர், சிசிஎம் எல்லாமே உடைஞ்சிடும். குழுச்சாவி, படகு எண், சுற்று எண் மூணையும் எச்கேடிஎஃப்ல (ஒரு சாவியிலிருந்து பல சாவி எடுக்கிற கணக்கு) போட்டுப் படகுக்கொரு அனுப்பும் சாவி எடுங்க. எண்ணிக்கை பவர் போய் வந்தாலும் பின்னால போகக்கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் ஃபிளாஷ்ல எழுத வேணாம்: 256 எண்ணை முன்கூட்டிப் பதிவு பண்ணிட்டு அது தீர்ந்ததும் அடுத்த 256. பூட் ஆகும்போது மிச்சத்தைத் தாண்டிப் போயிடணும்.

சேமிப்பு. குழுச்சாவியை ஃபிளாஷ்ல வைக்காதீங்க. கடைசியா வந்த சாவி பாக்கெட்டை வைங்க. அது எப்படியும் காத்துல போனதுதான். பூட் ஆனதும் 8 கணுச்சாவியை வச்சு மறுபடி திறந்துக்கலாம்.

ரேண்டம் (யாரும் ஊகிக்க முடியாத எண்). இஎஸ்பி32ல வைஃபை, புளூடூத் ரெண்டும் அணைஞ்சிருந்தா வன்பொருள் எண் நிஜ ரேண்டம்னு நம்பக்கூடாது, இதைத் தயாரிப்பாளர் ஆவணமே சொல்லுது. கருவியில சாவி ஜோடி பிறக்கிற நேரத்துல ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கணும்.

#13 கீழக்கரை_ரேடியோ

புளூடூத் என்றதும் ஒரு எச்சரிக்கை. திரையில்லாத மெஷ்டாஸ்டிக் கருவியில் இயல்பான இணைப்பு எண் 123456. படகில் ஏறும் யாரும் தன் போனை இணைத்து அமைப்பை எல்லாம் படிக்கலாம். மாற்றுங்கள், அல்லது கடலில் புளூடூத்தை மூடுங்கள்.

ஃபிளாஷ் குறியாக்கமும் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓட்டும்) வசதியும் போடாத இஎஸ்பி32லிருந்து ஒரு யுஎஸ்பி வயரும் இலவச மென்பொருளும் இருந்தால் மொத்த ஃபிளாஷையும் சில நிமிடத்தில் உருவிவிடலாம். இரண்டையும் இயக்குங்கள். அதற்குச் சில்லில் இ-ஃபியூஸ் (ஒருமுறை மட்டும் எழுதும் பிட்) எரிக்க வேண்டும், எரித்தால் திரும்ப வராது, அதனால் ஒரு போர்டில் முழுவதும் சரிபார்த்த பிறகு மற்றவை. இன்னும் உறுதி வேண்டுமானால் சாவி காக்கும் ஏடிஇசிசி608 சில்லு: 16 இடம் இருக்கிறது, ஏஇஎஸ் 128 தெரியும், 8 கணுச்சாவி தாராளமாக அடங்கும். எட்25519 அதற்குத் தெரியாது. கணுச்சாவிப் பூட்டை எச்மேக்குக்குப் பதில் அந்தச் சில்லின் ஏஇஎஸ் கொண்டு செய்தால் சாவி சில்லை விட்டு வெளியே வராது.

உப்புக் காற்றில் முதலில் போவது யுஎஸ்பி வாய். தடைக்காலத்தில் சாவி ஏற்றியதும் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடியைப் போட்டுவிடுங்கள்.

#14 பாம்பன்_ஜெட்டி

பாதி புரிந்து பாதி நிரலாகவே தெரிகிறது, நன்றி. இரண்டு சந்தேகம். கரையிலிருந்து விட்ட சாவி பாக்கெட் எட்டாத படகுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பிறகு, தீவுக்கு வடக்கே நிற்கும் படகுக்கும் தெற்கே நிற்கும் படகுக்கும் நடுவில் நிலம் மறைக்கிறது. ஒரே குழுவாக வைக்கலாமா?

#15 சாவிக்கொத்து

முதல் கேள்வி. சாவி பாக்கெட் கையொப்பமிட்டது, பூட்டியது. அதை யார் திருப்பிச் சொன்னாலும் நம்பலாம், சொல்பவர் யார் என்பது பொருட்டே இல்லை. ஒவ்வொரு சாதாரணச் செய்தியிலும் சுற்று எண்ணின் கடைசி பைட் போகட்டும். தன்னுடையதைவிடப் புதிய எண்ணைக் கேட்கும் படகு 5 முதல் 60 நொடிக்குள் ஏதாவது ஒரு நேரம் காத்திருந்து "பாக்கெட் கொடு" என்று கேட்கும், அதற்குள் இன்னொருவர் கேட்டது காதில் விழுந்தால் தான் கேட்காது. பக்கத்தில் இருக்கும் யாரும் கொடுக்கலாம். கரையைப் பார்க்காமலே பாக்கெட் படகிலிருந்து படகுக்குத் தாவிப் போகும். பழைய மாற்றம் எதுவும் தேவையில்லாத முறை என்பதால்தான் இவ்வளவு எளிதாக இருக்கிறது.

பழைய சாவியில் வரும் செய்தியை 20 நிமிடம் வரை படிக்கலாம், அனுப்பக்கூடாது. ஆனால் கொடி பைட்டில் "கைவிட்டுப் போனது" என்று இருந்தால் பழையதில் வரும் எதையும் நம்பிக்கையற்றது என்று குறித்துத்தான் காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி. சாவி மரம் ஒன்றே போதும், நீக்கும் பாக்கெட் இரு பக்கமும் அதேதான். செய்தியைத்தான் கடத்த வேண்டும். பாம்பனில் இரு பக்கமும் பார்க்கும் உயரத்தில் ஒரு நிலையம் வைத்தால் பூட்டியபடியே திருப்பி விடும், அதற்குச் சாவி தெரிய வேண்டியதே இல்லை. 1997ல் வந்த அயோலஸ் முறையில் இரு குழுவுக்கும் தனிச்சாவி, நடுநிலையம் ஒன்றில் திறந்து மற்றதில் பூட்டும். ஆயிரக்கணக்கான உறுப்பினருக்கு அது உதவும். இங்கே நடுநிலையத்தை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் போகும் என்ற புது அபாயம்தான் மிச்சம்.

#16 வடகடல்

மூலச்சாவி யாரிடம் இருக்கும்? ஒரு ஆளிடம் என்றால் சங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

#17 சாவிக்கொத்து

ஒப்புக்கொள்ளக் கூடாது, அவர்கள் கேட்பது நியாயம். மரத்தின் எல்லாச் சாவியும் ஒரு 32 பைட் விதையிலிருந்து வரும்: விதை, ஆண்டு, கணு எண் மூன்றையும் எச்மேக்-ஷா256ல் போட்டு முதல் 16 பைட். ஆகவே காக்க வேண்டியது இந்த விதை ஒன்றுதான். ஷமீர் முறையில் (1979) மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திரும்ப வரும்படி செய்து, கியூஆர் அச்சிட்டு, உறையில் ஒட்டி, மூன்று பொறுப்பாளரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். சாவி மடிக்கணினி இணையத்தில் சேரவே கூடாது.

கையொப்பத்துக்கும் மூன்றில் இருவர் என்று வைக்கலாம். ஃப்ராஸ்ட் (ஆர்எஃப்சி 9591, 2024) முறையில் இருவர் சேர்ந்து போட்டாலும் வெளியே வருவது அதே 64 பைட் எட்25519 கையொப்பம்தான். கருவி நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணுச்சாவி வருடம் முழுக்க மாறாததால், காற்றில் போனதை எல்லாம் ஒருவன் பதிவு செய்து வைத்து, பிறகு ஒரு கருவியை உடைத்துச் சாவி எடுத்தால், அந்தக் கருவி உறுப்பினராக இருந்த காலத்துச் செய்தி முழுவதும் திறக்கும். மீன்பாட்டு இடத்தின் மதிப்பு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்பதால் இந்தப் பயனுக்கு இதை ஏற்கலாம் என்பது என் முடிவு. தனிப்பட்ட பேச்சை இந்தக் குழுவில் பேசாதீர்கள் என்று உறுப்பினருக்குச் சொல்லிவிடுங்கள்.

#18 பாம்பன்_ஜெட்டி

அக்கா, சாவியைப் புதுப்பிக்கத் தடைக்காலம் வரை காத்திருக்கணுமா? கடலுக்குப் போக மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கும்போது செய்யலாமே.

#19 சாவிக்கொத்து

குழுச்சாவியை டோக்கன் நாள்தோறும் மாற்றுங்கள், நீக்கம் எதுவும் இல்லாவிட்டாலும். அப்போது வேர்ச்சாவியால் ஒரே ஒரு பூட்டு, 115 பைட். அதற்குமுன் வந்த விலகல் விண்ணப்பங்களையும் சேர்த்து ஒரே பாக்கெட்டில் முடித்துவிடலாம். தொலைந்த கருவியை மட்டும் உடனே நீக்குங்கள். கடலில் விழுந்தது நிச்சயம் என்றாலும் நீக்குங்கள், ஒரு பாக்கெட்தான் செலவு. மரம் முழுவதையும் மாற்றுவது தடைக்காலத்தில் வயர் மூலம். விசைப்படகுக்குத்தான் தடை, உங்கள் 60ல் நாட்டுப்படகும் உண்டென்றால் அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் குறித்து வரச்சொல்ல வேண்டும். பழைய மரத்தையும் புதியதையும் ஒரு வாரம் இரண்டு குழு எண்ணில் சேர்த்து ஓட்டுங்கள்.

#20 தொண்டி_கோடு

கடலுக்குப் போறதுக்கு முன்னால மேசையில ஆறு கருவி வச்சு இதைப் பாருங்க. ஒண்ணை அணைச்சு வச்சு மூணு தடவை சாவி மாத்திட்டு எழுப்பினா ஒரே பாக்கெட்ல சேரணும். நீக்கின கருவி எதையும் படிக்கக்கூடாது, அதோட செய்தியை மத்ததும் ஏத்துக்கக்கூடாது. பழைய பாக்கெட்டை மறுபடி விட்டா எல்லாம் தள்ளணும். ஃபிளாஷ்ல எழுதுற நொடியில செல்லை உருவிப் பாருங்க.

எழுதும்போது ஒரு இடத்துல ரொம்பக் கவனம்: புது சுற்று எண்ணை, கையொப்பம் சரின்னு தெரியுற வரைக்கும் ஃபிளாஷ்ல எழுதவே கூடாது. சாதாரணச் செய்தியில வர்ற எண் வெறும் துப்பு, அதை வச்சு பாக்கெட் கேட்கலாம், பதிவு பண்ணக்கூடாது. வரிசை மாத்தி எழுதினா எவனாவது 4294967295ன்னு ஒரு பொய் எண்ணை விட்டாப் போதும், எல்லாப் படகும் அதைப் பிடிச்சுக்கிட்டு அதுக்கப்புறம் கரையிலிருந்து வர்ற ஒவ்வொரு நிஜ பாக்கெட்டையும் பழசுன்னு தள்ளும். கருவியைக் கரைக்குக் கொண்டுவந்து வயர் போட்டுத்தான் மீட்கணும்.